பாவாயம்மாள் போட்ட நிபந்தனை

பெயர் மாற்றத்தை எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் துணைவேந்தர்.

ஓய்வுபெற்ற பேராசிரியையின் கைத்தடி நாற்காலிக்கு அடியில் கிடந்தது. குனிந்தாள். எட்டவில்லை.

பேரவையில் எப்போதும் கைதான் தூக்குவார்கள். இன்றைக்கு மட்டும் நிற்க வேண்டுமாம். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து அவள் வந்திருப்பது அவருக்குத் தெரியும். வாசலில் நலம் விசாரித்தவரே அவர்தான். அம்மாவுக்கு நடக்கச் சிரமமாக இருக்கும் என்று, கடைசியில், தூணுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நாற்காலி போடச் சொன்னவரும் அவர்தான்.

பாவாயம்மாள் பல்கலைக்கழகம் என்றால் வெளிநாட்டில் யார் வாயிலும் நுழையவில்லையாம். தென்னகப் பன்னாட்டுப் பல்கலைக்கழகம் என்று வைத்தால் எடுப்பாக இருக்குமாம். பட்டத்துல பாவாயின்னு இருந்தா வேலை குடுக்கறவனே சிரிக்கறானுங்க என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். அரங்கம் சிரித்தது.

ஒரே ஒருவர் எதிர்த்தாலும் போதும். இங்கே படித்த பட்டதாரிகள் எல்லோரையும் கேட்டாக வேண்டும். அது விதி.

ஒருவரும் இல்லையென்றால், பெயர் இன்றோடு முடிந்தது.

சுவரைப் பிடித்தாள்.

எழுந்தாள்.

இந்த அரங்கம் ஒரு காலத்தில் வகுப்பறை. பையன்களுக்கு பெஞ்சு. பெண்களுக்கு இந்தச் சுவர். சாய்ந்து நின்றபடியே பாடம் கேட்டார்கள்.

கல்லூரிக்கு இடம் போதவில்லை என்று பெரிய மனிதர்கள் பாவாயம்மாளிடம் நிலம் கேட்டுப் போனார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. பொண்ணுக நின்னுட்டுத்தான் படிக்கோணும்னா எங்க பூமி எதுக்குங்க என்று கேட்டாளாம். முன்பெஞ்சு பெண்களுக்கு என்று அவர்கள் எழுதிப் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வைத்தாள்.

அந்த முன்பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் இவள். பிறகு இங்கேயே விலங்கியல் நடத்தினாள்.

யாரும் இல்லைன்னு எடுத்துக்கலாங்களா என்றார் துணைவேந்தர்.

தூண் மறைத்தது. மறைக்காத பக்கம் அவர் பார்க்கவில்லை.

அவள் நடந்தாள்.

ஒவ்வொரு நாற்காலியின் முதுகாகப் பிடித்துக்கொண்டு. யார் யாரோ தோளை ஒதுக்கினார்கள். எதுக்குங்கம்மா இந்த வயசுல, யாரோ என்னமோ வெச்சுட்டுப் போகட்டும் என்று ஒரு பழைய சகா முணுமுணுத்தார். அவர் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு, தாண்டி வந்தாள்.

மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். இனி பார்க்காமல் இருக்க முடியாது.

துணைவேந்தர் பதறியவர் போல எழுந்தார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். வந்தது. முழங்காலுக்குப் பின்னால் தொடுகிற மாதிரி வைத்தார்கள்.

"உக்காருங்கம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

எதிர்ப்பைப் பதிவாளர் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டால் அதைக் கைவிட்டதாக அர்த்தம். அதுவும் விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள்.

நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"எழுதுங்க. உக்கார்றேன்."

பதிவாளர் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

டீ வந்தது. எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஆறியது. அவள் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு நின்றாள்.

பதிவாளர்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பேனாவைத் திறந்து எழுதினார்.

அவர் எழுதி முடித்து நிமிரும்வரை நின்றாள்.

அவளுக்கென்று போட்ட நாற்காலி அங்கேயே காலியாக இருந்தது. அவள் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். பாவாயி என்று சொல்லிச் சிரிக்க வைத்தவர் எதிரே இருந்தார்.

அவர் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தாள்.

அவர் எழுந்து இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்தாள்.

அவர் உட்காரவில்லை. காலி நாற்காலிக்கும் போகவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

பதிவாளர் நின்றவரை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை இன்னும் மூடியிருக்கவில்லை.