கொடி பிடித்தவரின் முதுகு

கீழவைப்பார் வீட்டு முன்னறையில் மூன்று பேர்: பெரியவர் லூர்து மச்சாது, மகன் ரெக்சன், ஸ்கேன் சென்டரில் வேலைபார்க்கும் மருமகள் விஜிலா. திருவிழாப் பவனியில் குடும்ப வழக்கப்படி கொடி பிடித்து நடந்த பெரியவர், ரெக்சன் எடுத்த வீடியோவின் ஓரத்தில் வில்லாக வளைந்து தெரிகிறார். அதைப் பார்த்து, கொடியை இனி வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஊரில் பேச்சு. அதே கேமராவுக்கு முன்னால் இப்போது ரெக்சன் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையைப் பிடித்திருக்கிறான். ஸ்கேன் படங்களில் முதுகெலும்பை அளக்கும் மென்பொருளில், கேமராவில் வளைந்து பதிந்த அந்தக் கட்டங்களை விஜிலா ஒவ்வொன்றாக நேராக்குகிறாள். திரையில் சன்னல் வெயில் படாமல் பெரியவர் துண்டை விரித்துப் பிடித்து, விறைப்பாக நிற்கிறார். “கோயில் கோபுரமும்லா வளைஞ்சு நின்னுச்சு. அத ஒருத்தனும் பேசல,” என்கிறான் ரெக்சன். “நீங்க அட்டைய ஆட்டாம நில்லுங்க,” என்கிறாள் விஜிலா. அதே திருத்தத்தைப் பவனி வீடியோவுக்கும் கொடுக்கிறாள். கோபுரம் நிமிர்கிறது, கொடிக்கம்பு நிமிர்கிறது, அவரும் நிமிர்கிறார். “இத ஊர் குரூப்புல போடுளா,” என்கிறார் பெரியவர். மச்சாதுவுக்குக் கூன் விழுந்துவிட்டது என்கிறார்கள். விழவில்லை. வளைத்துக் காட்டியது லென்ஸ்.