நீல வாளி

முதல் ஈரலைக் கறிக்கடை பாய் சாக்கடையில் எறிந்தார்.

அடுத்ததைத் தண்ணீரில் அலசினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவளுடைய நீல வாளியில் போட்டார்.

அவள் அறுப்புக் கொட்டகையின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எப்போதும் எட்டு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் அறுப்பு முடிந்திருக்கும். வாளியை மூடி வைத்திருப்பார். அவள் அதை எடுத்துக்கொண்டு கால்நடைக் கல்லூரிக்குப் போய்விடுவாள். இன்று ஆறரைக்கே வந்திருந்தாள். அவளுடைய ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்திருந்தது. நன்றி சொல்லும் பத்தியில் சிக்கந்தர் பாயின் பெயரைப் போட்டிருந்தாள். கறி வாங்கக் கூட்டம் சேர்வதற்குள் அவர் கையில் கொடுத்துவிட நினைத்தாள்.

மூன்றாவது ஈரல்.

கத்தி முனையால் கீறிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

சாக்கடை. நாய் ஒன்று எழுந்து வந்தது.

ஏழு வருடம். வாரத்துக்கு ஐந்து. அன்றைக்கு முதலில் அறுக்கும் ஐந்து ஆடுகளின் ஈரல் என்று சொல்லியிருந்தாள். எதற்கு என்று பாய் முதல் நாளே கேட்டார்.

அவள் சொல்லவில்லை.

எதைத் தேடுகிறோம் என்பது எடுத்துத் தருபவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பொறுக்கித் தருவார். வகுப்பில் முதல் பாடமாக அதைத்தான் நடத்துகிறாள்.

சாக்கடை ஓரம் போய்க் குனிந்தாள். நாயை விரட்டினாள். ஈரலை வெறும் கையால் எடுத்தாள்.

பித்தக் குழாய்கள் வெளுத்துத் தடித்திருந்தன. கட்டைவிரலால் அழுத்தினாள். கீறலின் வழியாக ஒன்று வந்தது. பிறகு நாலைந்து. தட்டையாக, சின்ன இலை போல. உள்ளங்கையில் மெல்லச் சுருங்கி விரிந்தன.

ஈரல் புழு.

அவள் வாளியில் நூற்றுக்கு இரண்டில்தான் இது இருந்தது.

பாய் பதறிப்போய்ச் செம்புடன் ஓடி வந்தார். அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டார். விரல் விரலாகத் தண்ணீர் ஊற்றினார்.

"கெட்டதப் போயி உங்க வாளியில போடுவேனாம்மா? இத்தன வருசத்துல தெரிஞ்சு ஒண்ணு போட்டிருப்பேனா?"

வருத்தத்தோடுதான் சொன்னார். அவள் சந்தேகப்பட்டுவிட்டாள் என்ற வருத்தம்.

எத்தனை கெட்டுப் போகும் என்று கேட்டாள்.

அதை யார் எண்ணினார்கள். போன மழைக்குப் பிறகு பத்துக்கு ஆறு, ஏழு. நாய்களைத்தான் கேட்க வேண்டும் என்று சிரித்தார்.

நாய்கள் கொழுத்திருந்தன. ஏழு வருடமாகப் பார்க்கிறாள்.

நூற்றுக்கு இரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பே அறிக்கை கொடுத்திருந்தாள். அதை நம்பி ஏரியைச் சுற்றியிருக்கும் பதினோரு ஊர்களிலும் புழு மருந்து ஊற்றுவதை நிறுத்தினார்கள். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்று கூட்டத்தில் பேசியவளும் அவள்தான்.

சுவரோரம் மொக்கச்சாமி உட்கார்ந்திருந்தார். கையில் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு பெட்டை ஆடு.

அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஷேர் ஆட்டோவில் ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தவர். ஏரிக்கரையில் கிடை போட்டிருந்தார். அறுபது உருப்படி. ஆட்டின் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி அப்படியே நின்றது. ஈரல் பூச்சியாக இருக்குமோ என்று அவரேதான் கேட்டார்.

இந்தப் பக்கம் அது கிடையாது என்றாள். சோகை என்றாள். டானிக் எழுதிக் கொடுத்தாள்.

அவர் ஒரு நாளும் தவறாமல் ஊற்றினார். செத்ததைப் புதைத்தார். நிற்க முடிந்ததைப் பாயிடம் ஓட்டி வந்தார்.

இது கடைசி.

பாய் அவள் கக்கத்தில் இருந்த தாளைக் கவனித்துவிட்டார். என்னம்மா அது என்றார். அவள் சொல்வதற்குள் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார். இங்கிலீஷ். அவர் பேரும் இதில் இருக்கிறது என்றாள். எங்கே என்று கேட்டார்.

காட்டினாள்.

விரலை வைக்கப் போனவர் வைக்காமல் எடுத்துக்கொண்டார். மொக்கச்சாமியைக் கூப்பிட்டார். டாக்டரம்மா படிக்கப் போறாங்க, வந்து கேளு என்றார்.

அவள் படித்தாள். தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

ஏழு ஆண்டுகள், ஒரு வாரமும் தவறாமல், ஈரல் மாதிரிகளைத் தந்து உதவிய எஸ். சிக்கந்தர் அவர்களுக்கு நன்றி.

இன்னொரு தரம் என்றார் பாய்.

இன்னொரு தரம் படித்தாள்.

மொக்கச்சாமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நம்ம ஆட்டு ஈரலும் இதுல சேந்திருக்கா தாயி?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பின்ன, சேராம?" என்றார் பாய். "ஒன்னோடதும் இருக்கு."

மொக்கச்சாமி தலையை ஆட்டிக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது போல இருந்தது.

கயிற்றைப் பாயின் கையில் கொடுத்தார்.

ஆடு அடம் பிடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தியபடி உள்ளே நடந்தது. தாடைக்குக் கீழே தொங்கிய பை, அது எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஆடியது.

அவள் வாளியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.