கிளிப்பின் பச்சை

பிளாஸ்டிக்குக்கு நிறம் கலக்கும் ஆலையில் தேவசகாயத்துக்குப் பன்னிரண்டு வருட வேலை. எந்த வாளியை மாதிரிக்குக் காட்டினாலும், உருக்கி வார்க்க அதே நிறத்தில் பிளாஸ்டிக் மணிகள் செய்துகொடுப்பான். அன்று மதியம் அவன் கொண்டுவந்தது மனைவியின் தலைக் கிளிப். நான்கு வருடத்துக்கு முன் பிரிந்துபோன எஸ்தர் விட்டுச்சென்ற ஒரே பொருள். அன்றிலிருந்து ஜன்னலில் கிடந்தது. அவள் தலையில் பார்த்த பச்சையை இன்னொரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது கலவை கிளிப்போடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அந்தப் பச்சை இது இல்லை.

“வெயில் குடிச்ச கலரைப் போய்ப் புடிச்சிருக்கியே, கூமுட்டை,” என்றான் பக்கத்து மேசை பேச்சிமுத்து. “உடைச்சுப் பாருடா. உள்ள பழைய பச்சை அப்படியே இருக்கும்.”

அது தேவசகாயத்துக்குத் தெரியாததல்ல. காலையில்கூட ஒரு வாளியை அப்படித்தான் உடைத்திருந்தான்.

“இது வாளி இல்லடா.”

“அப்ப வெளுத்ததையே வச்சிக்கிட்டு அழு.”

தேவசகாயம் விளக்கைக் கிட்டே இழுத்தான். கிளிப்பின் இரு முனைகளிலும் கட்டைவிரல்களை வைத்து லேசாக வளைத்தான். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.