ராத்திரிக்கு ஒரு கோளாறு

"பில்ட் நின்னுடுச்சுன்னு யாரு சொன்னா? முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டுங்க, கர்டிஸ்."

டோனட் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு லோர்னா கையுறையை உருவினாள். வெளியே அமெரிக்காவின் மேடிசன் நகரத்து பிப்ரவரிப் பனி. அவள் மூக்கு சிவந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அவள் சிரித்து அந்த அலுவலகம் பார்த்து வெகு நாளாயிற்று.

பதினோரு பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்யும் சின்னக் கம்பெனி அது. ஓவியர்கள் பகலில் வரைந்து போடும் மரம், மாடு, வாள், வீடு எல்லாவற்றையும் ராத்திரியில் ஒரு கம்ப்யூட்டர் பொறுக்கியெடுத்து ஒரே கேமாகக் கோத்துவிடும். அதைத்தான் பில்ட் என்பார்கள். ஒரே ஒரு ஃபைல் கோணலாக இருந்தாலும் போதும், மொத்தமும் நின்றுவிடும். நிறுத்திய புண்ணியவான் மறுநாள் முழுக்க, சீஸ் துண்டு மாதிரி இருக்கும் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அங்கே அதுதான் தண்டனை.

அந்த கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது லோர்னாவின் வேலை. இரண்டு வாரமாக அது ஒரு ராத்திரிகூட உருப்படியாக ஓடவில்லை. அவளும் தூங்கவில்லை.

"நிக்கலையா?" என்றார் கர்டிஸ். ஓவியர்களுக்குத் தலைவர் அவர்தான். தொப்பியைக் கழற்றவும் மறந்து போனார்.

"நிக்கல. புதுசா ஒரு புரோகிராம் எழுதிட்டேன். ஃபைலுக்குப் பேர் தப்பா இருந்தா அதுவே திருத்திடும். படம் பெருசா இருந்தா அதுவே சுருக்கிடும். ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னா, முந்தின நாள் நல்ல ஃபைலை எடுத்து வெச்சுக்கும். இனிமே நீங்க எல்லாரும் ஒண்ணு சேர்ந்து கெடுத்தாலும் அதைக் கெடுக்க முடியாது."

"அப்ப கேம் முடிஞ்சுடுச்சா?"

"முடிஞ்ச கையோட, கேமை வாங்கற கம்பெனிக்கு அதுவே அனுப்பியும் வெச்சுடுச்சு. நான் பட்டன்கூடத் தட்டல. கைக்கு வந்து சேர்ந்ததுன்னு அவங்க காலையிலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க."

பக்கத்து மேஜையில் ஓவியர் இங்கா, கடித்த டோனட்டை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அதைத் திரும்ப வாங்க முடியாதா?" என்று கேட்டார் கர்டிஸ்.

லோர்னாவின் சிரிப்பு அணைந்தது.

"சந்தேகம் இருந்துச்சு. இப்ப தெளிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை இங்கா, செவ்வாய்க்கிழமை டேல், நேத்து நீங்க. எந்த ராத்திரியும் தப்பல, ஒரே ஆள் ரெண்டு நாள் சேர்ந்தாப்ல கெடுக்கவும் இல்ல. முறை போட்டுக் கெடுத்திருக்கீங்க. இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கற உங்களுக்கு ஒரு ஃபைலுக்குப் பேர் வைக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்படி என்ன என்மேல வன்மம்? கேம் போனாத்தான் லீவுன்னு முதலாளி சொல்லிட்டார். மார்ச் பன்னிரண்டு டாரலுக்கு ஆபரேஷன். அவன் அக்கா கிட்னி குடுக்கறா. இன்ஷூரன்ஸ்காரங்க அனுமதி குடுக்கவே எட்டு மாசம் இழுத்தடிச்சாங்க. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் பண்ணிப் பண்ணி ஆள் பாதியாயிட்டான். என் புருஷன் பக்கத்துல நான் நாலு நாள் இருக்கக் கூடாதா?"

கோபத்தில் அழுகை வருவது அவளுக்கே பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லீவு உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான்" என்றார் கர்டிஸ். "கேம் கை மாறுற அன்னிக்கே கம்பெனிய மூடறாங்க. முதலாளி ரகசியமா என்கிட்ட சொன்னார். நான் மத்தவங்ககிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்லல."

"நான் மட்டும் வேத்தாளா?"

"பில்ட் ஏன் நின்னுதுன்னு தினம் ரிப்போர்ட் எழுதறது நீ. தெரிஞ்சே எழுதினா அது பொய். மாட்டினா உன் தலைதான் உருளும். அதனாலதான்."

லோர்னா அவரையும் இங்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆக, ரெண்டு வாரச் சம்பளத்துக்காக என்னைப் பைத்தியமா அடிச்சிருக்கீங்க."

"சம்பளம் யாருக்கு வேணும்? இங்காவுக்கு மினியாபொலிஸ்ல வேலை கிடைச்சாச்சு. போன திங்கக்கிழமையே சேர்ந்திருக்கணும். கெஞ்சித் தள்ளிப் போட்டிருக்கா. டேலும் அப்படித்தான்."

"பின்ன எதுக்கு?"

கர்டிஸ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிப்ரவரி இருபத்தாறு.

"கம்பெனி எந்த மாசம் மூடுதோ, அந்த மாசக் கடைசியோட, நமக்கும் நம்ம குடும்பத்துக்கும் கம்பெனி குடுக்கற மருத்துவ இன்ஷூரன்ஸும் முடிஞ்சுபோகும். மார்ச் ஒண்ணாம் தேதி மூடியிருந்தாக்கூட முப்பத்தொண்ணு வரைக்கும் ஓடியிருக்கும். இப்ப நாளன்னியோட சரி." அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "டாரலுக்குப் பன்னிரண்டாம் தேதின்னு நீ வந்து சொன்ன அன்னிக்குத்தான், லோர்னா, நாங்க முறை போட்டோம்."