கோடிச் சீலை முக்கோணங்கள்

ஸ்கேல் மறுபடியும் வழுக்கியது.

"அட சனியனே!"

வீட்டில் வேறு யாருமில்லை. சத்தமாகவே சொன்னாள்.

கண்ணாடி மாதிரி இருக்கும் முக்கோண ஸ்கேல். துணிமேல் வைத்து, ஓரத்தை ஒட்டிச் சின்னச் சக்கரக்கத்தியை உருட்டினால் முக்கோணத் துண்டு விழும். துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் விரிப்பு. போன் வீடியோவில் வரும் பெண் வெட்டும்போது அழகாக விழுகிறது.

இவளுக்குக் கோணலாக விழுந்தது.

இத்தனைக்கும் தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் ரவிக்கை இவள் வெட்டியது.

முதல் நாள் ஸ்கேலின் நுனியே அவளுக்குப் பிடிக்கவில்லை. கூராக இல்லை, மொட்டையாக இருந்தது. உடைந்ததைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைப் போனில் வறுத்தெடுத்தாள். அது அப்படித்தாம்மா இருக்கும் என்றான் அவன். யார் நம்புவது? சாக்கட்டியால் நுனியைக் கூராக நீட்டி வரைந்து வெட்டினாள்.

அதோடு விட்டாளா? ரவிக்கைக்குச் செய்வதுபோல ஒவ்வொரு பக்கமும் தையலுக்கு அரை இஞ்சு விட்டு வெட்டினாள். கை கேட்டால்தானே.

தைத்துப் பார்த்தால், முக்கோண வரிசை பக்கத்துப் பட்டையைத் தாண்டி ஒரு சாண் வெளியே போய் நின்றது.

வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தையலுக்கான இடம் ஸ்கேலின் அளவிலேயே அடக்கம். தனியாக விட வேண்டாம். நுனி மொட்டையாக இருப்பதும் அதற்காகத்தான். மொட்டையோடு மொட்டை பொருந்தினால் தையல் நேராக ஓடும்.

"அந்தப் பயலைப் போய் ஏசினேனே."

சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

இப்போது வழுக்கல்தான் பாக்கி. உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து ஸ்கேலின் அடியில் ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தினாள். கத்தியை உருட்டினாள்.

விழுந்தது. முக்கோணம்.

அடுத்ததும் விழுந்தது.

வெட்டுத்துணி தீர்ந்துபோயிற்று.

எழுந்து பீரோவைத் திறந்தாள்.

அடித்தட்டில் கோடிச் சீலைகள். புருஷனின் காரியத்தன்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிவந்து இவள்மேல் போட்டவை. இனி நீ இப்படித்தான் என்று சொல்லிப் போட்டவை. அண்ணன் போட்டது. சித்தப்பா மகன் போட்டது. சம்பந்தி வீட்டார் போட்டது. எல்லாமே வெளிறிய நிறம். தப்பித் தவறி ஒரு பூ வந்துவிடக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு வாங்கினார்களோ என்னவோ.

அவர் இருந்தால், என்னட்டி இது கஞ்சித்தண்ணி நிறத்துல, என்று கேட்டிருப்பார்.

ஒன்றையும் அவள் கட்டவில்லை.

போன வாரம் சண்முகவடிவு வந்திருந்தாள். அவருடைய அக்கா, இவளுக்கு மதினி. இவள் மகள் முத்துச்செல்விக்கு வளைகாப்பு, மண்டபம் பிடித்தாயிற்று.

"நீ பின்னால அடுப்படிப் பக்கமா இருந்துக்கோ என்ன. நல்ல காரியம் பாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல.

பெற்றவள் இவள். மகளுக்கு வளையல் அடுக்கும்போது அடுப்படியில் நிற்க வேண்டுமாம்.

அன்று இவள் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அண்ணன் போட்ட சீலையை உதறி விரித்தாள். தண்ணீர் படாத துணி. கஞ்சி விறைப்பு. ஸ்கேல் அசையவே இல்லை.

அரை இஞ்சு விடவில்லை. ஒரு நூல்கூடக் கூடுதலாக விடவில்லை.

சம்பந்தி வீட்டுச் சீலை பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். சண்முகவடிவு உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

"ஏட்டி! கோடிச் சீலையிலயா கத்திய வைக்க?"

"ஆமா மதினி."

"இதையா தச்சுக்கிட்டிருக்க? இதுலயா பச்சப்பிள்ளையப் படுக்கப் போடப் போற? உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

இவள் ஸ்கேலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். மொட்டை நுனி துணியின் ஓரத்தோடு பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்தாள். பொருந்தியது.

"பிள்ளைக்கு இல்ல மதினி. நான் உக்கார."

"நீ உக்காரவா?"

"மண்டபத்துல எம் மவளுக்கு நேர் எதுக்க விரிச்சு உக்காரப் போறேன். எந்தத் துண்டு யாரு போட்டதுன்னு அவங்கவங்க வந்து பாத்துக்கிடட்டும்."

சண்முகவடிவு குனிந்து ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

கத்தி உருண்டது. துண்டு விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மதினி. வெளிச்சத்த மறைக்கீங்க."