ஒரு நாள் கூடுதல்

"பொய் சொல்றீங்கண்ணே."

லாரி ஏஜென்ட் மறுக்கவில்லை. போனில் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

"உங்க லாரி ரெண்டே நாள்ல வந்து சேருது. போன மாசம் பூரா பார்த்துட்டேன். நீங்க மூணு நாள் ஆகும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"பெரும்பாலும் ரெண்டுதான் மேடம். டயர் வெடிக்கும், பாலத்துல வேலை நடக்கும், டிரைவர் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். அதுக்காக ஒரு நாள்."

"காய்ச்சல் எல்லாம் எங்க சரக்குக் கணக்குப் போடற சாஃப்ட்வேருக்குத் தெரியாது. மூணுன்னு போட்டா அது ஒரு நாள் முன்னாடியே சரக்கை வரவழைச்சுக் குவிக்குது. மேனேஜர் என் தலையை உருட்டறார்."

"ரெண்டுன்னு போட்டா, பிந்துற அன்னிக்கு நான் தனி வேன் பிடிக்கணும். அந்த வாடகையை அது கணக்குல சேர்க்குமா? அடிக்கடி பிந்துனா என் பேரையே தூக்கிடும். எனக்கு இருக்கறதே ரெண்டு லாரி."

அவளுக்கு அலுத்துவிட்டது. கம்பெனி சாஃப்ட்வேரில் எல்லாருடைய நாள் கணக்கையும் ஏற்றுவது அவள் பொறுப்பு; வாரம் முழுக்க இதே வேலை. கிடங்குக்காரர், பெட்டி செய்பவர், ஏற்றி இறக்குபவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஆளுக்கு ஒரு நாளை உள்பையில் மறைத்து வைத்திருந்தார்கள். தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மனசு வெச்சா முடியும்ணே. எங்க வீட்டு விசேஷம் எதுக்கும் நான் பிந்திப் போனதே இல்ல. நான் போய் நின்ன பிறகுதான் எதுவும் ஆரம்பிக்கும்."

"கொடுத்து வெச்சவங்க நீங்க. சரி, ரெண்டுன்னே போட்டுக்குங்க."

போட்டாள். அப்போதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்பதே முக்கால்.

பத்து மணிக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். 'நீ வந்து கையைப் பிடிச்சாத்தான் உள்ளே போவேன்' என்று குழந்தை மாதிரி சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். அதாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரே ஒரு தடவை இருபது நிமிடத்தில் போயிருக்கிறாள். அன்று முதல் அதுவே சட்டம்.

சட்டத்தை சிக்னல் மதிக்கவில்லை. வண்டி நிறுத்த இடம் இல்லை. லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்றது. மூச்சிரைக்க அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால் தாண்டியிருந்தது.

அம்மா பச்சை அங்கியில், பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? மெதுவா மூச்சு வாங்கிக்கோ."

"இன்னும் கூப்பிடலையா?"

அம்மா இல்லையென்று தலையசைத்தாள். மகளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. நர்ஸிடம் போனாள்.

"பத்து மணின்னு சொல்லிட்டு வயசானவங்களை இப்படியா உட்கார வைப்பீங்க? சொன்ன நேரத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

நர்ஸ் விழித்தாள். "பதினொண்ணரைன்னுதானே சொன்னோம்? அம்மாகிட்டேயே ரெண்டு தடவை சொன்னேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா சுவரில் இருந்த கண் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா?"

"பதினொண்ணரைதான். உனக்கு மட்டும் பத்து."

"எப்போலேர்ந்து இப்படி?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து. கல்யாணத்துக்கும்தான். இப்ப உன் வீட்டுக்காரரும் பொண்ணும்கூட உனக்கு நேரம் அப்படித்தான் சொல்றாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? எதுக்கும் லேட்டா போனதில்லன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கறே. அது கெட வேண்டாமேன்னுதான்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிடும்வரை விடவில்லை.

அம்மாவை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திய பிறகு, ஏஜென்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்களுது மூணு நாளாவே இருக்கட்டும். போய் மாத்திடறேன்."

"என்ன மேடம் திடீர்னு? பொய்ன்னு சொன்னீங்களே?"

"எங்க வீட்லயும் அந்தக் கணக்குலதான் வண்டி ஓடிட்டிருக்குண்ணே. அந்த லாரி நான்தானாம்."