கிளிப் சொன்ன நேரங்கள்

ஜெசிந்தாவின் பல்லில் மாட்டிய கிளிப் ஒவ்வொரு கடியையும் நேரத்தோடு டாக்டரின் திரைக்கு அனுப்பும் ரகம்; அவள் ஒரு கடலைமிட்டாயைக் கடித்தாலே ஏழு மாவட்டத்துக்கும் தமுக்கடித்துவிடும். அதனால் மாதப் பரிசோதனை என்றாலே அந்தப் பதினைந்து வயதுப் பெண் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பாள். இம்முறை பல் டாக்டர் திரையைப் பார்த்துத் தாடையைச் சொறிந்துவிட்டு, கூட வந்த அம்மாவிடம் திரும்பினார்.

"மிட்டாய் பரவாயில்லம்மா. தினமும் மூணு தடவ, பனைமரத்தையே முறிக்கிற மாதிரி பல்லைக் கடிக்கிறா. ஆறு மணி, ஏழரை, ஒன்பது. அப்ப வீட்டுல என்ன நடக்கும்?"

"டாக்டர், அத விடுங்களேன்," என்றாள் ஜெசிந்தா அவசரமாக.

"ஒண்ணும் நடக்காதே," என்றாள் அம்மா. "ஆறுக்கு நான் ஆபீஸ்ல இருந்து வருவேன். ஏழரைக்கு இவளுக்குப் பாடம் கேப்பேன். ஒன்பதுக்குச் சோறு போட்டு, பக்கத்துல உக்காந்து..."

சொல்லிக்கொண்டே வந்த அம்மா, சட்டென்று திரும்பி மகளைப் பார்த்தாள். மறுபடி பல்லைக் கடித்தால் திரையில் தெரிந்துவிடுமே என்று, யாரும் கேட்காமலே ஜெசிந்தா வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டாள்.